கடைசி 1,200 கி.மீ.: முன் டயரை இப்போதே மாற்றணுமா?

வணக்கம். நானும் மனைவியும் மாறி மாறி ஓட்டும் நெடும்பயணம் முடிய இன்னும் சில நாள்தான். முன்சக்கர இயக்கக் கார், அலாய் வீல். வேகம் 90-ஐத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது, 110-ல் அடங்கிவிடுகிறது. பிரேக் மிதித்தால் கூடுவதில்லை, அதனால் டிஸ்க் மேல் சந்தேகம் இல்லை.

ரிம்மின் உட்பக்கம் காய்ந்து ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டி எடுத்தாச்சு. ஒரு கைப்பிடி சேறு போதும், பேலன்ஸ் கெட்டுவிடும். வீல் நட்டு, காற்று எல்லாம் சரி.

வம்பு இடது முன் டயரில்தான். பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளம்) ஆழம் வெளி ஓரத்தில் 4 மி.மீ., உள் ஓரத்தில் 2-க்கும் கீழே. கையைக் குறுக்கே ஓட்டினால் ஒரு திசையில் வழுக்குகிறது, எதிர்த்திசையில் ரம்பம்போல் பிடிக்கிறது. டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் கோணம், விலகியதன் அடையாளம் இது. பக்கச்சுவரில் புடைப்பு இல்லை. இருந்தால் கேள்வியே கேட்காமல் ஸ்டெப்னி போட்டிருப்பேன்.

ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் மிக லேசான ஆட்டம். 12-6ல் இல்லை. டை ராட் எண்டா (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு), ஸ்டியரிங் ராக்கா (அந்தக் கம்பியை இடம் வலமாகத் தள்ளும் பல்சட்டம்)? உறுதி செய்ய எங்கே விரல் வைத்துப் பார்ப்பது? எண்ட் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது) செய்வது வீண்தானே.

புது டயர் ரெண்டு வாங்கினால் பின்னால் போட்டு, பின்னால் உள்ள 5 மி.மீ. டயர்களை முன்னால் கொண்டுவரலாம் என்று எண்ணம். வழியில் மழை இருக்கிறது. ‘மெதுவா ஓட்டுங்க, ஊர் போய்ப் பார்த்துக்கலாம்’ தவிர வேறு யோசனை சொல்லுங்கள்.