மணல் பூச்சி கடித்த கதை இருந்தால் சொல்லுங்கள்

போன மாதம் குடும்பத்தோடு ஃப்ளோரிடாவின் கோகோ பீச்சுக்குப் போயிருந்தோம். இருட்டும்வரை கரையில் இருந்துவிட்டு அறைக்கு வந்தால், மகளின் கணுக்காலைச் சுற்றிப் பத்துப் பதினைந்து சிவப்புத் தடிப்பு. ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தாள். பக்கத்து அறைக்காரர் பார்த்துவிட்டு, "சாண்ட் ஃப்ளீ (மணல் தெள்ளுப்பூச்சி) வேலைதான்" என்றார்.

மறுநாள் காலை ஒரு பெரியவர், அலை வந்து திரும்பும் இடத்தில் கம்பி வலை பொருத்திய வாரியால் மணலை வாரிக்கொண்டிருந்தார். என்ன பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "சாண்ட் ஃப்ளீ. பாம்பனோ மீனுக்கு இதுதான் இரை" என்று வாளியைச் சாய்த்துக் காட்டினார். எட்டிப் பார்த்தால், அட, நம் எலிப்பூச்சி! பெசன்ட் நகர் கரையில் சின்ன வயதில் நாங்கள் உள்ளங்கையில் விட்டு விளையாடியது. சாம்பல் நிறம், வழுவழுப்பான முட்டை வடிவம். நண்டு இனம்தான், ஆனால் கொடுக்கே கிடையாது. கொடுக்கில்லாத பிராணி என் மகளை எப்படிக் கடித்திருக்கும்? யாருக்காவது தெரியுமா?

திருவான்மியூரிலிருந்து

அண்ணா, எலிப்பூச்சி மேல் பழி போடாதீர்கள், பாவம். நான் தினமும் காலையில் கரையில் நடக்கிறவன். அலை இறங்கும்போது ஈர மணலில் சின்னச் சின்ன 'வி' வடிவக் கோடுகள் தெரியும். அங்கே கையை விட்டு ஒரு பிடி அள்ளினால் இரண்டு மூன்றாவது கிடைக்கும். கீழே விட்டால் பின்பக்கமாகவே தோண்டிக்கொண்டு, கண் இமைப்பதற்குள் மறைந்துவிடும். நம் பிள்ளைப்பூச்சி முன்பக்கமாகத் தோண்டும், இது அதற்கு நேர்மாறு. கடலைப் பார்த்தபடி புதைந்து உட்கார்ந்து, அலை திரும்பும்போது இறகு மாதிரி இருக்கும் இரண்டு உணர்கொம்புகளை விரித்து, தண்ணீரோடு வரும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். சாப்பாடு அவ்வளவுதான், ரத்தம் எல்லாம் கிடையாது. ஓதம் ஏற ஏற மேலே வரும், இறங்க இறங்கக் கூடவே இறங்கும்.

பெரிதாகக் கையில் கிடைப்பவை எல்லாம் பெண்கள். வயிற்றடியில் மடித்த வாலை நீக்கிப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் முட்டைக் கொத்து இருக்கும். ஆண் சில மில்லிமீட்டர்தான், பெண்ணின் காலடியில் ஒட்டிக்கொண்டே திரியும். அதைவிட வேடிக்கை, அந்தக் குட்டி ஆண்கள் வளர்ந்ததும் பெண்ணாகவே மாறுகின்றன. நம் சென்னைக் கரையில் பிடித்த எலிப்பூச்சிகளை வைத்தே 1980-களில் இதை எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று நடைப்பயிற்சி நண்பர்களிடம் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

உங்கள் மகளைக் கடித்தது கண்ணுக்கே சரியாகத் தெரியாத குட்டிக் கொசு மாதிரியான ஈயாக இருக்கும். அந்தப் பக்கத்தில் 'நோ-சீ-அம்' என்பார்கள். விடியலிலும் அந்தியிலும் காற்று அடங்கிய நேரத்தில்தான் வரும்.

வேல்ஸிலிருந்து

இங்கே சாண்ட் ஃப்ளீ என்றால் வேறு ஆள். கவர் (Gower) தீபகற்பக் கரையில் அலை ஒதுக்கிய கடற்பாசிக் குவியலைக் காலால் புரட்டினேன், அடியிலிருந்து நூற்றுக்கணக்கில் துள்ளின. என் மனைவி போட்ட கூச்சலில் கடற்காக்கைகள் பறந்துவிட்டன. பக்கவாட்டில் சப்பையாக, இறால் குஞ்சு மாதிரி இருக்கும், ஒன்றரை சென்டிமீட்டர் தேறும். வாலை அடித்துத்தான் குதிக்கிறது. பகலில் ஈரமணலுக்குள் கிடந்துவிட்டு ராத்திரி பாசி தின்ன வெளியே வரும். இதுவும் கடிக்காது.

ஜின்ஜா, உகாண்டாவிலிருந்து

நீங்கள் எல்லாரும் கடிக்காததைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் உள்ளே நுழைந்ததைப் பற்றிச் சொல்கிறேன். கரும்புத் தோட்டப் பக்கம் செருப்பில்லாமல் நடந்த பழக்கம் எனக்கு. ஒரு நாள் கால் விரல் நக ஓரத்தில் வெள்ளையாக ஒரு வீக்கம், நடுவில் கரும்புள்ளி. முள் என்று நினைத்து விட்டுவிட்டேன். நாலைந்து நாளில் பட்டாணி அளவு. எங்கள் ஓட்டுநர் பார்த்த மாத்திரத்தில் "ஜிகர், சார்" என்றார்.

சாண்ட் ஃப்ளீ என்ற பெயரில் இதுதான் நிஜமான தெள்ளுப்பூச்சி, ஒரு மில்லிமீட்டர்தான். பெண் பூச்சி தோலுக்குள் புகுந்துகொண்டு, வால் நுனியை மட்டும் வெளியே நீட்டி, அந்தத் துளை வழியாகவே முட்டைகளைத் தள்ளும். அந்தக் கரும்புள்ளி அதன் பின்புறம்தான்! தென் அமெரிக்கப் பூச்சி இது, 1872-ல் பிரேசிலிலிருந்து அங்கோலாவுக்கு வந்த கப்பல் மணலோடு ஆப்பிரிக்காவில் இறங்கியது. பிறகு கண்டத்தையே கடந்து இங்கே வந்துவிட்டது.

ஓட்டுநர் ஊக்கைச் சுட்டு எடுத்துவிட்டார். ஆனால் பாதி உள்ளேயே உடைந்து சீழ் வைத்து, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொண்டு பத்து நாள் நொண்டினேன். யாரும் வீட்டில் குத்தி எடுக்காதீர்கள். மண் தரை வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரே காலில் இருபது முப்பது இருப்பதைப் பார்த்திருக்கிறேன், நடக்கவே முடியாது. பன்றி, நாய் மேலும் இருக்கும்.

மறுபடியும் ஃப்ளோரிடா

நன்றி. அந்தியில் நீளக் காற்சட்டை போட்டுத்தான் இனி அனுப்புவேன். நேற்று மகளோடு மறுபடியும் கோகோ பீச்சுக்குப் போய் ஒன்பது எலிப்பூச்சி பிடித்தோம், ஒன்றில் ஆரஞ்சு முட்டை இருந்தது. அதை மட்டும் அவளே அலையில் விட்டாள். மற்ற எட்டையும் அந்தப் பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.