சூரியன் ஒரு குழாயில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை

சனிக்கிழமை

நான், காலை 8:41
மாமா, மொட்டை மாடியில் இருக்கிறேனுங்க. நீங்கள் சொன்ன மாதிரி சூரியனைப் பார்க்கிற இரண்டு தொலைநோக்கிக் குழாயையும் ஒரே மவுண்டில், அதாவது திருப்புகிற தாங்கியில், பக்கத்தில் பக்கத்தில் பூட்டிவிட்டேன். பெரியது 80 மில்லிமீட்டர், அதில் வெள்ளொளி ஃபில்டர். சின்னது 40 மில்லிமீட்டர் எச் ஆல்ஃபா, ஹைட்ரஜனின் ஒரே ஒரு சிவப்பு நிறத்தில் மட்டும் காட்டுவது. பெரியதில் சூரியனை நடுவில் நிறுத்தினால் சின்னதில் ஒரே கறுப்பு. சின்னதில் பிடித்தால் பெரியதின் ஓரத்தில் ஒரு துண்டுதான் நிற்கிறது. ஒரு மணி நேரமாகத் திருகிக்கொண்டே இருக்கிறேன், நாளைக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வருகிறார்கள்.

உடுமலை மாமா, 8:44
எதைப் பார்த்து இரண்டையும் நேர் செய்தாய் மாப்பிள்ளை?

நான், 8:45
பச்சைமலைக் கோயில் கோபுரத்தை. பெரியதில் ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், அழகாகத் தெரிந்தது. சின்னதில் கோபுரமே தெரியவில்லை.

உடுமலை மாமா, 8:45
ஃபில்டரைத் திரும்ப மாட்டிவிட்டாயா? அதை முதலில் சொல்.

நான், 8:46
மாட்டிவிட்டேன் மாமா. டேப்பும் சுற்றியிருக்கிறேன்.

உடுமலை மாமா, 8:53
சரி. எச் ஆல்ஃபாவில் கோபுரம் தெரியாது, மலையே தெரியாது. அது 656.3 நானோமீட்டர் சிவப்பில் ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கீற்றை மட்டும்தான் விடும், பகல் வெளிச்சத்தில் நிற்கிற எதற்கும் அது போதாது. சூரியனைத் தவிர வேறு எதை வைத்தும் அதைச் சரி பார்க்க முடியாது. அதனால் சின்னதை முதலாளியாக வை. அதை அசையாமல் இறுக்கிவிட்டு, திருகு வைத்த வளையத்தில் பெரியதைப் போட்டு, பெரியதைத்தான் இதற்கு இழுத்து வர வேண்டும். இன்னொன்று, எச் ஆல்ஃபாவில் நடுப்பகுதியில்தான் விவரம் நன்றாக இருக்கும், ஓரத்துக்குப் போனால் சூரியன் மேல் தெரிகிற இழைகள் எல்லாம் மங்கிவிடும். வெள்ளொளிக்கு அந்தத் தொந்தரவு இல்லை, கொஞ்சம் தள்ளி நின்றாலும் கரும்புள்ளி கரும்புள்ளியாகவே தெரியும்.

நான், 8:55
புரிகிறது. ஆனால் சின்னதில் நடுவில் வைத்துவிட்டுப் பெரியதைத் திருகப் போனால், அதற்குள் சின்னதில் சூரியன் நகர்ந்துவிடுகிறது.

உடுமலை மாமா, 8:59
நகரத்தான் செய்யும். ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி, அப்படியென்றால் தன் அகலம் அளவு நகர இரண்டே நிமிடம். மவுண்டின் மோட்டார் ஓடுகிறதா? அது சூரியனோடு சேர்ந்து திரும்ப வேண்டுமே, அச்சை வடக்குப் பார்த்து வைத்தாயா?

நான், 9:00
மோட்டார் ஓடுகிறது. வடக்கு என்று ஒரு குத்துமதிப்பாக வைத்தேன். துருவ நட்சத்திரத்தை நேற்று ராத்திரி பார்க்கவே முடியவில்லை, வடக்கே மலையும் மூட்டமும்.

உடுமலை மாமா, 9:06
நம் பக்கத்தில் அது எழுந்து நிற்பதே 11½ டிகிரிதான், கோபியில் அதுவும் சத்தி மலைப் பக்கம் பார்த்து. விடு, பகலுக்கு அது வேண்டாம். முக்காலியை மட்டம் பார்த்து வை, மவுண்டில் 11½ டிகிரி வை, போன் காம்பஸில் வடக்கு வை. அப்புறம் இதை ஒரு ஆள் செய்ய முடியாது. பாப்பாவைக் கூப்பிடு. அவள் சின்னதில் கண்ணை வைத்து, கைப்பட்டனால் சூரியனை நடுவிலேயே பிடித்து நிறுத்தட்டும், நீ பெரியதின் மூன்று திருகையும் ஒவ்வொன்றாகத் திருகு. ஒன்றை இறுக்கும்போது எதிர்ப் பக்கத்தைத் தளர்த்து. முதலில் சூரியனைப் பிடிக்கக் குழாயின் நிழலைப் பார், நிழல் சுருங்கிச் சின்ன வட்டமாக வந்தால் குழாய் நேராக இருக்கிறது. குறி பார்க்கக் குழாய் மேல் இருக்கிற குட்டித் தொலைநோக்கி, ஃபைண்டர், இரண்டையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடு, மூடி மட்டும் போட்டால் பிள்ளைகள் கழற்றிப் பார்த்துவிடுவார்கள்.

ஈரோடு அத்தை, 9:10
ஒன்று போதாதா கண்ணு, எதற்கு இரண்டு? 2019 டிசம்பரில் வளையக் கிரகணத்தைக் கோயம்புத்தூரில் கண்ணாடி அட்டை வைத்துத்தானே எல்லோரும் பார்த்தோம்.

நான், 9:15
அத்தை, ஒரே சூரியன்தான், ஆனால் வேற வேற மட்டம். வெள்ளொளியில் கரும்புள்ளி தெரியும். எச் ஆல்ஃபாவில் அதற்கு மேலே இருக்கிற அடுக்கு, இழை, ஓரத்தில் எழும்புகிற சுடர் எல்லாம் தெரியும். ஒரு பிள்ளை ஒரு குழாயில் புள்ளியைப் பார்த்துவிட்டு ஒரு எட்டு நகர்ந்து அடுத்ததில் அதே இடத்தைப் பார்க்க வேண்டும், அதுதான் என் ஆசை. கொடைக்கானல் ஆய்வகத்தில் நூறு வருடத்துக்கு மேலாக இப்படித்தான் வேற வேற நிறத்தில் சூரியனைப் படம் எடுக்கிறார்கள். கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்ததும் அங்கேதான்.

கணபதி அண்ணன், 9:20
தம்பி, பட்டறையில் வெல்டிங் கண்ணாடி நிறைய இருக்கிறது, நாளைக்குப் பிள்ளைகளுக்குக் கொண்டு வரட்டுமா?

உடுமலை மாமா, 9:23
என்ன நம்பர் என்று பார். 14 நம்பர் என்றால் வெறும் கண்ணுக்குச் சரி. வழக்கமாக வைத்திருக்கிற 10, 11 வேண்டவே வேண்டாம். எந்த நம்பராக இருந்தாலும் தொலைநோக்கியின் பக்கம் கொண்டு போகாதே. அதற்கு முன்வாயில் மாட்டுகிற ஃபில்டர்தான், வெளிச்சத்தில் லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். விழித்திரைக்கு வலி தெரியாது, எரிந்தாலும் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. நாளை காலையில் ஃபில்டரை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து ஊசி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டு.

நான், 10:02
வந்துவிட்டது! இரண்டிலும் நடுவில்! பாப்பா பிடித்தாள், நான் திருகினேன், பத்து நிமிடம்தான் ஆனது.

நான், 11:20
மாமா, மறுபடியும் விலகிவிட்டது. சூரியன் மேலே ஏறியதும் பெரியதில் பாதி வட்டம் வெளியே போய்விட்டது. திருகு எதையும் தொடவில்லை.

உடுமலை மாமா, 11:24
இரண்டு குழாயையும் தாங்குகிற பிளேட் வளைகிறது. குழாய் சாய்கிற பக்கம் மாற மாற எடை இழுக்கிற பக்கமும் மாறும். என்ன தடிமன்?

கணபதி அண்ணன், 11:26
நான்தான் போட்டுக் கொடுத்தேன். கிடந்தது 6 மில்லிமீட்டர் அலுமினியம், அதில்தான் வெட்டினேன். ஒரே போல்ட்.

உடுமலை மாமா, 11:29
12இல் போடு. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. ஒரு போல்ட் என்றால் சுழலும், இரண்டு போடு.

கணபதி அண்ணன், 11:31
சாயங்காலத்துக்குள் மில்லிங் போட்டுவிடுகிறேன். ராத்திரி பஸ்ஸில் நானே எடுத்து வருகிறேன், பிள்ளைகள் வந்து ஏமாந்து போகக் கூடாது.

ஞாயிறு

நான், காலை 7:58
புது பிளேட்டில் 7 மணிக்கே சரி செய்துவிட்டோம். மாடித் தளத்து ஓடு சூடாவதற்கு முன்னால் படம் அப்படியே நிற்கிறது, அலையாடவே இல்லை. கிழக்கு ஓரத்தில் ஒரு புள்ளிக் கூட்டம். பெரியதில் கறுப்பாக இருக்கிறது, சின்னதில் அதே இடத்தைச் சுற்றி வெளிச்சமாகப் படர்ந்திருக்கிறது.

பாப்பா, 8:01
எதிர் வீட்டுக் குட்டி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா, அதே புள்ளிதான், ஆனால் இங்கே தீப்பிடித்திருக்கிறது" என்கிறான்.

ஈரோடு அத்தை, 8:03
கவுந்தப்பாடி தாண்டிவிட்டோம். நாங்கள் வருகிற வரைக்கும் கழற்றிவிடாதே சாமி.

நான், 8:04
11 மணி வரைக்கும் இருக்கும் அத்தை. இப்போது வரிசையில் 14 பேர்.