பத்து ரிஃப் பட்டியலில் ‘இளைய நிலா’ வரலாமா?

ஓசூர் ஆறுகம்பி:
எங்கள் குழு மேடையில் வாசிக்கப் பத்து கிடார் ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துண்டு) எடுத்து வைத்திருக்கிறோம். ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ (1965), ‘அயர்ன் மேன்’ (1970), ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ (1972), ‘பேக் இன் பிளாக்’ (1980), ‘செவன் நேஷன் ஆர்மி’ (2003) என்று ஆங்கில ராக் பாட்டெல்லாம் அதில் உண்டு. தமிழ்ப் பாட்டு ஒன்றுகூட இல்லை, தெரிந்துதான் விட்டோம். நம் சினிமாப் பாட்டில் அருமையான கிடார் இருக்கிறது, ஆனால் ரிஃப் குறைவு. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

தருமபுரி ரிதம்:
இதை ஒத்துக்கொள்ளவே முடியாது தம்பி. நான் ஆர்க்கெஸ்ட்ராவில் ரிதம் கிடார் வாசிக்கிறவன். குமாரசாமிப்பேட்டை தைப்பூசம், பெண்ணாகரம் பக்கத்து மாரியம்மன் பண்டிகை என்று மேடை ஏறுகிறேன். ‘இளைய நிலா’ தொடக்கத்தை நான் எடுத்த உடனே விசில் பறக்கும். பாடகர் அப்போது மைக் பக்கம்கூட வந்திருக்க மாட்டார். 1982இல் சந்திரசேகர் வாசித்தது இன்றைக்கும் கூட்டத்தைப் பிடிக்கிறது. மறக்க முடியாத கிடார் என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

ஓசூர் ஆறுகம்பி:
அண்ணா, அந்த வாசிப்பு மேல் எனக்கும் உயிர். ஆனால் அது பாட்டுக்குள் நம்மை அழைத்துப்போகிற முன்னிசை. அப்புறம் பாட்டை நடத்துவது எஸ்.பி.பி.யின் குரல். ரிஃப் என்றால் அந்தச் சின்னத் துண்டே திரும்பத் திரும்ப வந்து பாட்டைத் தூக்கி நிறுத்த வேண்டும். ‘செவன் நேஷன் ஆர்மி’யில் ஏழே சுரம். 2006 உலகக் கோப்பையில் இத்தாலி ரசிகர்கள் வரியே இல்லாமல் அதை மட்டும் பாடினார்கள். ‘இளைய நிலா’ கிடாரை நம் கூட்டம் அப்படிப் பாடுமா? வரியைத்தான் பாடும்.

தருமபுரி ரிதம்:
கூட்டம் கத்திப் பாடுவதுதான் அளவுகோல் என்றால் மென்மையான வாசிப்பு எதுவுமே தேறாது. ஆறு கம்பியிலும் விரல் ஓடி வருவதைத் தொண்டையில் எப்படிக் கொண்டுவருவது?

கிருஷ்ணகிரி டீச்சர்:
கிடார் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் நடுவே வருகிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ரை ஒற்றைக் கம்பியில் 0-3-5, 0-3-6-5 என்று (விரல் வைக்கும் கட்டங்களின் எண்கள்) முதல் நாளே பிடித்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பாட்டின் கிடார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் வாசித்தது இரண்டு கம்பியில். பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) இல்லாமல் இரண்டையும் விரலால் ஒரே நேரத்தில் சுண்டுவார். பிக்கால் அடித்தால் ஒன்று இம்மியளவு முந்திவிடும், அந்தக் கனம் வராது. ‘பேக் இன் பிளாக்’ இன்னும் கஷ்டம். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அடித்ததும் கையை வைத்துக் கம்பியை அடக்க வேண்டும். அந்த இடைவெளியில் டிரம்ஸ் மட்டும் நடக்கும். பிள்ளைகள் பொறுக்காமல் உள்ளே குதித்துவிடுகிறார்கள். ரிஃப்பின் உயிர் தாளத்தில்தான். அந்த வகையில் ஓசூர்த் தம்பி பக்கம் நான். ஆனால் பட்டியலில் தமிழே இல்லை என்பதை ஏற்க மாட்டேன்.

ஓசூர் ஆறுகம்பி:
அப்படியானால் ஒரு பாட்டு சொல்லுங்கள் அக்கா.

கிருஷ்ணகிரி டீச்சர்:
‘ராக்கம்மா கையத் தட்டு’, 1991. தொடக்கத்தில் வயலின் கூட்டம் அடிக்கிற துண்டு.

ஓசூர் ஆறுகம்பி:
அது வயலின் ஆயிற்றே! நாங்கள் போட்டது கிடார் பட்டியல்.

கிருஷ்ணகிரி டீச்சர்:
உங்கள் பட்டியலில் இருக்கிற ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ கதை என்ன? அதை வாசித்த கீத் ரிச்சர்ட்ஸ் அந்த மூன்று சுரத்தை ஹார்ன்களுக்கென்றுதான் (டிரம்பெட் மாதிரி ஊதும் வாத்தியங்கள்) நினைத்தார். ஃபஸ் பெடலில் (கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி) வாசித்தது சும்மா மாதிரிக்கு. அந்த மாதிரியே ரெக்கார்டாக வெளிவந்துவிட்டது. அதே ஆண்டு பாடகர் ஓட்டிஸ் ரெடிங் அதை ஹார்ன் வைத்தே பாடினார். எந்த வாத்தியத்துக்கு மாற்றினாலும் அடையாளம் போகாததுதான் நல்ல ரிஃப்.

தருமபுரி ரிதம்:
டீச்சர் சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் மேடையில் வயலின் கிடையாது, கீபோர்டில்தான் எடுப்போம். அப்போதும் முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஆடுவார்கள்.

ஓசூர் ஆறுகம்பி:
சரி, இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஃபஸ் போட்டு ‘ராக்கம்மா’வை எடுத்துப் பார்க்கிறேன். பதினொன்றாவதாக வாசிப்போம். ‘இளைய நிலா’ விஷயத்தில் மட்டும் நான் சொன்னதுதான்.

தருமபுரி ரிதம்:
அதை விட மாட்டேன் தம்பி. என்றைக்கு, எங்கே வாசிக்கிறீர்கள்? கிடாரோடு வருகிறேன்.