இணையவழி முதுமாணிப் பாடநெறியைத் திருத்தி அமைக்க எங்கிருந்து தொடங்குவது?

கனகராயன்:

வணக்கம் எல்லோருக்கும். கல்வி முதுமாணியில் 'கல்வி அளவீடும் மதிப்பீடும்' என்ற 3 கிரெடிட் பாடநெறி, முழுக்க இணையவழி. 28 பேர், எல்லோரும் வேலைசெய்கிற ஆசிரியர்கள். வவுனியா நகரிலிருந்து மாங்குளம், மல்லாவி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு வரை சிதறி இருக்கிறார்கள். இப்போதைய அமைப்பு: 15 வாரம், சனிக்கிழமைதோறும் 3 மணித்தியாலம் சூம், மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தில் வாரத்துக்கு மூன்று பிடிஎஃப். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 பக்கம், பெரும்பாலும் ஆங்கிலம். 'உங்கள் கருத்தைப் பதிவிடுக' என்று ஒரு போரம் (கலந்துரையாடல் பகுதி), நடுவில் ஒரு ஒப்படை, கடைசியில் எழுத்துப் பரீட்சை. தொடர் மதிப்பீட்டுக்கு 40, பரீட்சைக்கு 60.

நாலாம் வாரத்துக்குப் பிறகு சூமில் பத்துப் பேர்கூட நிற்பதில்லை. போரத்தில் 'மேலே கூறியதை ஆமோதிக்கிறேன்' என்று 20 பதிவு. ஒப்படைகள் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியதுபோல வருகின்றன. பரீட்சையில் வரைவிலக்கணம் எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரு வினாத்தாளைக் கையில் கொடுத்து எந்த வினா பழுது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

கற்பித்தல் வடிவமைப்பு முறைப்படி இதை மாற்ற வேண்டும். புளூமின் சிந்தனை மட்டங்கள், பின்னோக்கிய வடிவமைப்பு எல்லாம் பெயரளவில் தெரியும். வேலை என்று இறங்கினால் முதலில் என்ன? வீடியோ எடுப்பதா? சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு என்ன வழி?

மருதநிழல்:

வீடியோவைக் கடைசிக்கு விடுங்கள், முதலில் மணித்தியாலக் கணக்கு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி 1 கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். 3 கிரெடிட்டுக்கு 150, வாரத்துக்கு 10. இரண்டாம் மொழியில் ஆய்வுக்கட்டுரை வாசிக்கிறவருக்கு மணிக்கு 8 தொடக்கம் 10 பக்கம் என்று வையுங்கள். உங்கள் 60 பக்கத்துக்கே 6 முதல் ஏழரை மணித்தியாலம் போகிறது. சூமுக்கு 3. பத்தும் முடிந்தது. ஒப்படையும் போரமும் எந்த நேரத்தில்? நாலாம் வாரம் ஆட்கள் குறைவதற்கு அவர்களுடைய அக்கறையின்மையைத் தேடிப் போக வேண்டாம், காரணம் உங்கள் அட்டவணையிலேயே இருக்கிறது.

அடுத்தது கற்றல் பேறுகள். விக்கின்ஸும் மக்டையும் முன்வைத்த பின்னோக்கிய வடிவமைப்பில் வரிசை இதுதான்: என்ன செய்யக்கூடியவராக வெளியே போக வேண்டும், அதை எதைப் பார்த்து நம்புவது, அதற்கு என்ன செயற்பாடு. பாடப்பொருள் மூன்றாவதற்குள் வருகிறது. நாங்கள் வழக்கமாகப் பாடப்பொருளில் தொடங்கி, மிச்ச இடத்தில் ஒப்படையைச் செருகுகிறோம். 'மதிப்பீட்டின் முக்கியத்துவத்தை விளங்கிக்கொள்வர்' என்ற பேற்றை எதை வைத்து அளப்பீர்கள்? இப்படி எழுதிப் பாருங்கள்: 'தாம் கற்பிக்கும் பாடத்தின் 40 வினாப் பல்தேர்வுத் தாள் ஒன்றைப் பகுத்தாய்ந்து, வைத்திருக்க வேண்டியவை, திருத்த வேண்டியவை, நீக்க வேண்டியவை எவை என்று காரணத்தோடு தீர்மானிப்பர்.' இந்த வசனத்திலேயே ஒப்படை இருக்கிறது. அதோடு ஆளுக்காள் வினாத்தாள் வேறு, மாணவர் விடைகள் வேறு. பார்த்து எழுத ஒன்றும் இல்லை.

ஆகவே ஒரே ஒரு பெரிய வேலையை எடுத்து நாலு பகுதியாக வெட்டுங்கள். முதலாவது, எந்த அலகிலிருந்து எந்தச் சிந்தனை மட்டத்தில் எத்தனை வினா என்று காட்டும் திட்ட அட்டவணை, 15 மணித்தியாலம். இரண்டாவது, வினாக்களும் புள்ளித்திட்டமும், 25. மூன்றாவது, பரீட்சை வைத்து விடைகளைப் பகுத்தாய்தல், 25. நாலாவது, திருத்திய தாளும் அறிக்கையும், 15. மொத்தம் 80. மிச்சம் 70 மணித்தியாலத்தில் வாசிப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் 35, ஒன்றரை மணித்தியாலச் சூம் எட்டுக்கு 12, வினாவிடைக்கும் போரத்துக்கும் 13, மற்றவர் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல 10. இந்த 35க்குள் அடங்காத கட்டுரை எவ்வளவு நல்லதென்றாலும் 'மேலதிக வாசிப்பு' என்ற மடிப்புக்குள் போகட்டும். வெட்டத்தான் மனம் வராது. ஆனால் பாதி வேலை அந்த வெட்டில்தான் இருக்கிறது.

ஒரு வாரம் உள்ளே எப்படி இருக்கும் என்பதற்கு ஒவ்வொரு வினாவும் எப்படி வேலைசெய்தது என்று பார்க்கும் உருப்படிப் பகுப்பாய்வு வாரத்தை எடுப்போம். வரைவிலக்கணத்தில் தொடங்க வேண்டாம். செய்து காட்டிய ஒரு கணக்கைக் கொடுங்கள். 40 விடைத்தாளை மொத்தப் புள்ளிப்படி அடுக்கி, மேலே 27 வீதம், கீழே 27 வீதம் எடுத்தால் பக்கத்துக்கு 11 பேர். 17ஆம் வினாவை மேல்குழுவில் 9 பேரும் கீழ்க்குழுவில் 4 பேரும் சரியாகச் செய்திருந்தால், இலகுச் சுட்டி, அதாவது சரியாகச் செய்தவர்களின் பங்கு, 13ஐ 22ஆல் வகுக்க 0.59. பிரித்தறியும் சுட்டி, அதாவது இரு குழுவுக்கும் உள்ள வித்தியாசம், 5ஐ 11ஆல் வகுக்க 0.45. இந்த வினா இருக்கட்டும். 23ஆம் வினாவில் மேல்குழு 3, கீழ்க்குழு 6. இலகுச் சுட்டி 0.41, பார்த்தால் குறையில்லை. பிரித்தறியும் சுட்டி மட்டும் மறை 0.27. கெட்டிக்காரர் பிழைவிட, மற்றவர்கள் சரியாகச் செய்திருக்கிறார்கள். அப்படியென்றால் விடைக்குறியீடு பிழையாக இருக்கலாம், அல்லது இரண்டு தெரிவு சரியாக இருக்கலாம். எந்தத் தெரிவை மேல்குழு எடுத்தது என்று பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும்.

இரண்டாவது கணக்கைப் பாதி செய்து, மீதியை அவர்களிடம் விடுங்கள். மூன்றாவது முழுக்க அவர்களுடைய சொந்தத் தரவு. ஸ்வெல்லரின் அறிதிறச் சுமை ஆய்வுகளிலிருந்து வந்த ஒழுங்கு இது: புதியவரிடம் வெறும் கணக்கைத் தூக்கிக் கொடுத்தால் கவனம் முழுவதும் வழி தேடுவதில் செலவாகிவிடும், கருத்தில் நிற்காது. உதவியை ஒரேயடியாக எடுத்துவிடாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பாலைப்பழம்:

மருதநிழல் அண்ணை சொன்னதோட நான் மூடில் பக்கத்தைச் சொல்லுறன். சிக்னல் பிரச்சினை எண்டால் முதல்ல பாரத்தைக் குறையுங்கோ. 8 நிமிச வீடியோ, படத்துக்கு 400, ஒலிக்கு 64 கிலோபிற் வேகத்தில வைச்சாலும் 28 எம்பி வரும். அதே 8 நிமிசத்தை ஒற்றைத் தட ஒலியா 32 கிலோபிற்றில போட்டால் 2 எம்பிகூட இல்லை. கை அசைவு, திரையில கணக்குப் போடுறது மாதிரிக் கண்ணால பார்க்க வேண்டியது இருந்தால்தான் வீடியோ. மிச்சத்துக்கு ஒலியும் ரெண்டு பக்கக் குறிப்பும் காணும். ஸ்லைட்டில கிடக்கிற வசனத்தையே வாசிச்சுப் பதிவுசெய்யிற பழக்கம் வேண்டாம். மேயரின்ர பல்லூடகக் கொள்கையில அது கற்றலைக் குழப்பும் எண்டுதான் வருது. நீளமும் கட்டையா இருக்கட்டும்: பெரிய இணையவழிப் பாடநெறிகளில வீடியோ பார்த்த தரவை வைச்சு 2014இல வந்த ஆய்வு, 6 நிமிசத்துக்கு மேல ஆக்கள் நிக்கிறது குறைவு எண்டு காட்டினது.

இனி மூடில் ஆப். வவுனியா ரவுணுக்கு வரேக்க இறக்கிக்கொண்டு போய், வீட்டில சிக்னல் இல்லாமலே திறக்கலாம். வினாவிடையையும் அப்பிடிச் செய்யலாம், ஆனால் மூண்டு விசயம் பாருங்கோ: ஆப்பில இணையம் இல்லாமல் செய்ய அனுமதிக்கிற அமைப்பை நீங்கள் போட்டிருக்க வேணும், நேர எல்லை வைக்கக் கூடாது, விடை சரியோ பிழையோ எண்டது முடிவிலதான் காட்டுறதா இருக்க வேணும். 20 நிமிச எல்லை எண்டு ஒண்டைப் போட்டால் இணையமில்லா வசதி தன்பாட்டில நிண்டுடும். பிறகு 'எனக்கு மட்டும் வேலை செய்யுதில்லை' எண்டு வாட்ஸ்அப்பில வரும். முடிவுத் திகதிக்கு முதல் ஒருக்கா இணையத்தோட இணைச்சு அனுப்பவும் வேணும், அதைத் தமிழில பெரிசா எழுதிப் போடுங்கோ.

அடுத்த பொறி, 'முந்தினது முடிச்சால்தான் அடுத்தது திறக்கும்' எண்டு 15 வாரத்தையும் சங்கிலியாக் கோக்கிறது. மழைக்காலத்தில ரெண்டு நாள் கரண்ட் இல்லாமல் மூண்டாம் வாரத்தில நிண்டவருக்கு நாலும் ஐஞ்சும் பூட்டு. ஒரேயொரு பூட்டுக் காணும், அதுவும் திட்ட அட்டவணையை ஒப்படைக்கிற இடத்தில.

எழுத்துருவை மறந்திடாதேங்கோ. பழைய குறிப்புகள் யுனிகோட் இல்லாத பாமினி எழுத்துருவில தட்டினதா இருக்கும். அதை அப்பிடியே வினாவிடைக்குள்ள ஒட்டினால் போனில ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிறுக்கல்தான் தெரியும். யுனிகோட்டுக்கு மாத்தேக்க நடுவில இருக்கிற ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து மாறி அர்த்தமில்லாத தமிழா வரும். மாத்தின பிறகு ஒருக்கா வரிவரியா வாசிக்காமல் ஏத்தாதேங்கோ.

ஒற்றைப்பனை:

போரம் பற்றி யாரும் சொல்லவில்லை. 'கருத்தைப் பதிவிடுக' என்றால் ஆமோதிப்புத்தான் வரும், ஏனென்றால் முடிவெடுக்க அங்கே ஒன்றும் இல்லை. மூடிலில் கேள்வி-பதில் வகைப் போரம் இருக்கிறது. தான் பதிவிடும்வரை மற்றவர் பதிவு தெரியாது. பதிவிட்ட உடனேயும் தெரியாது. தன் பதிவைத் தானே திருத்தக்கூடிய நேரம் வழக்கமாக 30 நிமிடம், அது கழிய வேண்டும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பழுது என்று நினைப்பார்கள். கேட்பதையும் மாற்றுங்கள்: 'இந்த மூன்று வினாவில் ஒன்றை நீக்க வேண்டும். எதை? எந்த எண்ணைப் பார்த்து?' 28 பேரை ஏழு ஏழாகப் பிரித்தால் ஒருவர் 6 பதிவைத்தான் வாசிக்க வேண்டிவரும்.

மருதநிழலோடு ஓரிடத்தில் உடன்பாடில்லை. 150இல் 80 மணித்தியாலம் போகும் வேலைக்கு 40 புள்ளி, மூன்று மணித்தியாலப் பரீட்சைக்கு 60 என்று விட்டால் மாணவர் எதற்குப் படிப்பார் என்பது தெரிந்ததே. பேறு, செயற்பாடு, மதிப்பீடு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று பிக்ஸ் சொல்லும் இசைவு அங்கே குலைகிறது. ஆனால் 40க்கு 60 என்ற விகிதத்தை மாற்றப் பல்கலைக்கழகத்தின் பீடச்சபை, மூதவை என்று போக வேண்டும். இந்த அரையாண்டுக்குள் நடக்காது. நடக்கக்கூடியது, பரீட்சை வினாவை மாற்றுவது. 'பிரித்தறியும் சுட்டி என்றால் என்ன' என்பதற்குப் பதிலாகப் பத்து வினாவின் சுட்டிகளும் ஒவ்வொரு தெரிவையும் எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதும் உள்ள அட்டவணையைக் கொடுத்து, தாளைத் திருத்தச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை அதோடு சமாந்தரமாக அனுப்புங்கள். பேறுகளின் வாசகம் அங்கீகரித்த ஆவணத்தில் இருந்தால் அதற்கும் அதே பாதைதான். வாராந்தச் செயற்பாடுகளை மாற்றப் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டிவராது.

உங்கள் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். 28 ஒப்படைக்கு ஆளுக்கு 15 நிமிடம் என்றால் 7 மணித்தியாலம், நாலு பகுதிக்கு 28. எல்லாவற்றுக்கும் முழுக் கருத்து எழுதப் போனால் ஆறாம் வாரம் நீங்கள்தான் காணாமல் போவீர்கள். முதற்பகுதியை மூடிலின் சகபாடி மதிப்பீட்டுச் செயற்பாட்டுக்கு விடுங்கள். அதில் கட்டங்களை மாற்றுவது பெரும்பாலும் உங்கள் கையில்தான். 'சமர்ப்பிப்பு' கட்டத்தில் மறந்து நின்றால் யாருக்கும் ஒன்றும் வராது. இரண்டாம் பகுதிக்கு முழுக் கருத்துக் கொடுங்கள். வினாவிலேயே பிழை இருந்தால் பிறகு செய்யும் பகுப்பாய்வு வீண். மூன்றாவதற்கு நாலு அளவுகோலும் நாலு மட்டமும் கொண்ட ரூப்ரிக் (புள்ளியிடும் அட்டவணை) போதும்.

நாட்காட்டியில் இரண்டு வாரத்தை வெறுமையாக விடுங்கள். ஒன்று தவணைப் பரீட்சைத் தாள் திருத்தும் காலத்தில் விழட்டும். ஆசிரியர்கள் அப்போது வேறொன்றும் செய்யமாட்டார்கள். மூன்றாம் பகுதிக்கான விடைத்தாளும் அந்த நேரத்தில்தான் கையில் கிடைக்கும்.

கனகராயன்:

மிக்க நன்றி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், வாசிப்பு மட்டும் 90 மணித்தியாலத்துக்கு மேலே வருகிறது. ஒரு சிக்கல்: பலருடைய வகுப்பில் 12, 14 பிள்ளைகள்தான். அதில் 27 வீதம் எடுத்தால் 4 பேர்கூட வராது. பகுப்பாய்வு நிற்குமா?

மருதநிழல்:

அப்படியே செய்தால் நிற்காது. 14 பேரில் பக்கத்துக்கு 4 எடுத்தால் ஒரு பிள்ளையின் விடை மாறினாலே பிரித்தறியும் சுட்டி 0.25 நகரும். இரண்டு வழி இருக்கிறது. மேல்பாதி 7, கீழ்ப்பாதி 7 என்று பிரித்தால் நகர்வு 0.14 ஆகக் குறையும். கடைசித் தசமம்வரை நம்பாமல், மறைப்பெறுமானம் வந்த வினாக்களை மட்டும் சந்தேகத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள். மற்றது, கல்வி வலயம் ஒரே தாளை அனுப்பும் தவணையென்றால் அந்த வலயத்தில் அதே பாடம் கற்பிக்கும் மூன்று நாலு பேரின் விடைகளைச் சேர்த்து 40 ஆக்கலாம். அந்தக் குழுவில் வினாவும் புள்ளித்திட்டமும் அவர்கள் எழுதியவை அல்ல. ஆகவே இரண்டாம் பகுதியில் தாங்கள் எழுதிய வினாக்களை வலயத் தாளோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எந்த வழியென்றாலும் விடைத்தாளைப் படமெடுத்து ஏற்ற வேண்டாம். பெயரை எடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு 1 தொடக்கம் இலக்கமிட்ட விடை அட்டவணை மட்டும் ஏறட்டும். அதிபரிடம் அனுமதியை வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாலைப்பழம்:

அந்த அட்டவணையை எக்செல் கோப்பாக் குடுக்கேக்க சூத்திரம் போட்ட கலங்களைப் பூட்டி விடுங்கோ. போனில திறந்து கை பட்டு அழிச்சிட்டுத்தான் ஆக்கள் 'விடை பூச்சியமா வருது' எண்டு கேப்பினம்.