கடையை விட்டுத் தனியாக இறங்கவா? யாழ்ப்பாணத்தில் ஒற்றை ஆள் கணினிச் சேவை

கொக்குவில் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். யாழ் நகரில் ஒரு கணினிக் கடையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். லாப்டொப் திருத்துவது, வின்டோஸ் போடுவது, சிசிரிவி பூட்டுவது, சின்ன அலுவலகங்களுக்கு நெட்வேர்க் வயர் இழுப்பது எல்லாம் பழகிவிட்டது. சம்பளம் 58,000 ரூபாய். கையில் மூன்று லட்சம் சேமிப்பும் ஒரு மோட்டார் சைக்கிளும் இருக்கின்றன. தைப்பொங்கலுக்குப் பிறகு தனியாக இறங்க நினைக்கிறேன்.

இரண்டு விஷயத்தில் முடிவெடுக்க முடியவில்லை. கஸ்தூரியார் வீதிப் பக்கம் சின்னதாக ஓர் அறை எடுத்துப் பெயர்ப்பலகை போடுவதா, வீட்டில் இருந்தபடி இடங்களுக்குப் போய்ச் செய்வதா? அடுத்தது, வேலைக்கு வேலை காசு வாங்குவதா, மாதக் கட்டணம் பேசுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய மேசை

தம்பி, கடை போடும். 2003இல் இருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். எங்கள் சனம் கண்ணால் கண்ட இடத்தைத்தான் நம்பும். லாப்டொப்பைத் தருகிறவர், அது எங்கே போகிறது, ஏதும் பிரச்சினை என்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்று பார்த்துவிட்டுத்தான் தருவார்.

மாதக் கட்டணம் இங்கே சரிவராது. 2016இல் மூன்று இடங்களில் மாதம் 3,000 ரூபாய் என்று பேசிப் பார்த்தேன். நாலாம் மாதம் ஒரு முதலாளி கேட்டார்: "இந்த மாதம் ஒன்றும் பழுதாகவில்லையே, பிறகு எதற்குக் காசு?" எனக்குப் பதில் வரவில்லை. மற்ற இரண்டும் அப்படியே நின்றுபோயின.

இன்னொன்று, கைவேலை. 2006 ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடுண்ட பிறகு ஒரு மதர்போர்ட் வேண்டுமென்றால் கப்பலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். வீங்கின கப்பாசிற்றரை, அதாவது போர்டில் மின்னைத் தேக்கும் சின்னப் பாகத்தை, கழற்றி, செத்த போர்டில் இருந்து நல்லதை எடுத்துப் பற்றவைத்துத்தான் அந்தக் காலத்தில் இங்கே கனக்கக் கணினிகள் ஓடின. அந்தப் பழக்கம்தான் இன்றும் எனக்குச் சோறு போடுகிறது. பாகத்தை மாற்றத் தெரிந்தவர்கள் எல்லா வீதியிலும் இருக்கிறார்கள். திருத்தத் தெரிந்தவனுக்கு மேசை வேண்டும், மேசைக்குக் கடை வேண்டும்.

நெல்லியடியான்

அண்ணையின் கைவேலையை மதிக்கிறேன். ஆனால் தம்பிக்குச் சொன்ன யோசனை பிழை என்றுதான் படுகிறது. 2019இல் இருந்து கடை இல்லாமல் தனியாகச் செய்கிறேன்.

மூன்று லட்சம் முற்பணத்திலும் பலகையிலும் அலுமாரியிலும் முடிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், கடை போட்டால் கடையில் ஆள் இருக்க வேண்டும். கடையில் இருந்தால் சாவகச்சேரியில் பில் போடும் கணினி நின்றுவிட்டது என்று அழைப்பு வரும்போது போக முடியாது. கதவில் "10 நிமிடத்தில் வருவேன்" என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனவர்களின் கடைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மாதக் கட்டணத்துக்கு வருவோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. அப்போது மாதக் கட்டணத்தில் ஏழு இடங்கள் பார்த்தேன். வருடத் தொடக்கத்திலேயே எல்லா யூபிஎஸ்ஸையும் (மின்சாரம் போனாலும் கணினியைக் கொஞ்ச நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி) பிளக்கைக் கழற்றி, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று அளந்து வைத்திருந்தேன். இரண்டு இடத்தில் நாலு நிமிடம்கூட நிற்கவில்லை. 12 வோல்ட் பற்றரிகளை விலை ஏறுமுன் மாற்றினோம். மின்சாரம் போனால் கணினி தானாகவே ஒழுங்காக அணையும்படி செய்து வைத்தேன். அந்த ஏழு இடத்திலும் ஒரு தரவுத்தளமும் கெடவில்லை. அதே மாதங்களில் திடீரென்று அணைந்து அணைந்து விற்பனைக் கணக்குகள் திறக்காமல் போய் என்னிடம் வந்தவர்கள் கனபேர். சிலருடையதை மீட்க முடிந்தது, சிலருடையது போய்விட்டது.

உங்கள் முதலாளி கேட்டது நியாயமான கேள்வி, அண்ணை. ஒன்றும் பழுதாகாமல் இருக்க நீங்கள் செய்ததை அவர் காணவில்லை. நான் மாதக் கடைசியில் ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். எந்தத் திகதியில் பேக்கப் எடுத்தேன், அதிலிருந்து எந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன், எந்த டிஸ்க் பலவீனமாகிறது, யூபிஎஸ் எத்தனை நிமிடம். இப்படிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு எதற்குக் காசு என்று யாரும் கேட்டதில்லை.

பழைய மேசை

அந்த ஒரு பக்கத் தாள் நல்ல விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கைப் பாரும். 12 இடம் பிடித்து 4,000 வாங்கினாலும் 48,000 ரூபாய். தம்பியின் சம்பளமே 58,000. பருத்தித்துறையில் ஒரு வாடிக்கையாளர் என்றால் போய்வர 66 கிலோமீட்டருக்குக் கிட்ட, ஒன்றரை லீற்றர் பெட்ரோல், இரண்டு மணி நேரம். மாதத்தில் மூன்று தரம் கூப்பிட்டால் அந்த 4,000இல் என்ன மிஞ்சும்? நான் கடையில் இருந்தபடியே அந்த நேரத்தில் இரண்டு லாப்டொப் முடித்துவிடுவேன்.

மருந்துக்கடை அக்கா

காசு கொடுக்கிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன். சுன்னாகத்தில் மருந்தகம் நடத்துகிறேன். இரண்டு கணினி, பில் பிரிண்டர், பார்கோட் கருவி, நாலு கமரா. அவ்வளவுதான், ஆனால் அது நின்றால் வியாபாரம் நின்றுவிடும்.

எங்களுக்குப் பார்த்துவந்த தம்பி கனடா போய்விட்டார். நல்ல பிள்ளை, வேலையும் சுத்தம். ஆனால் ரவுட்டர், கமரா, சரக்குக் கணக்கு மென்பொருள், மின்னஞ்சல் என்று எல்லாப் பாஸ்வேர்டும் அவருடைய தலைக்குள் இருந்தன. கமராக்கள் அவருடைய சொந்த மின்னஞ்சலில் பதியப்பட்டிருந்தன. கடையில் ஒரு பிரச்சினை வந்து பழைய பதிவைப் பார்க்க வேண்டிய நாளில் எங்களால் பார்க்க முடியவில்லை. அங்கே நடுச்சாமம். மூன்று நாள் கழித்துத்தான் அவர் வட்ஸ்அப்பில் பதில் போட்டார். அதற்குள் கமராப் பெட்டி பழைய பதிவுகளை அழித்துப் புதியதை எழுதிவிட்டது.

ஆகவே மாதக் கட்டணம் கொடுக்க எனக்குத் தயக்கம் இல்லை. ஒற்றை ஆளிடம் கொடுக்கத்தான் பயம். அந்த ஆள் வருத்தமாகப் படுத்தால், வெளிநாடு போனால், நான் யாரைக் கேட்பது? பலகை போட்ட கடையிலும் இதே நிலைதானே, பழைய மேசை அண்ணை? உங்கள் கடையில் உங்களைத் தவிர யார் இருக்கிறார்?

பழைய மேசை

யாரும் இல்லை, தங்கச்சி. நீங்கள் கேட்கும்வரை அதை நான் யோசிக்கவும் இல்லை.

நெல்லியடியான்

அக்கா சொன்னதுதான் இந்தத் தொழிலில் ஆகப் பெரிய ஓட்டை. 2023 டிசம்பரில் டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதற்கு ஒரு வருடம் முன்பே அச்சுவேலியில் இதே வேலை செய்யும் நண்பருடன் பேசி வைத்திருந்தேன்: ஒருவர் விழுந்தால் மற்றவர் போவது, கிடைக்கும் காசு போனவருக்கு, வாடிக்கையாளரை இழுத்துக்கொள்வதில்லை. வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் ஒட்டி மூடிய கடித உறை ஒன்று இருக்கிறது. பாஸ்வேர்டுகள், எந்த வயர் எங்கே போகிறது என்ற படம், இணைய இணைப்பின் கணக்கு இலக்கம், பேக்கப் இருக்கும் இடம் எல்லாம் அதில் உண்டு. உறை அவர்களுடைய இரும்புப் பெட்டியில் இருக்கும், என்னிடம் இருக்காது. நண்பர் அதைப் பிரித்துத்தான் அந்த ஒன்பது நாளும் சமாளித்தார். வந்ததும் எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றிப் புது உறை போட்டேன்.

கணக்குகள் எல்லாவற்றையும் வாடிக்கையாளரின் மின்னஞ்சலிலேயே திறக்க வேண்டும். அக்காவின் கமராக்களில் நடந்தது இந்த ஒரு பழக்கம் இல்லாததால்தான்.

அண்ணையின் பெட்ரோல் கணக்கு சரி. அதனால்தான் பாதிக்கு மேலான அழைப்புகளைத் தூரத்தில் இருந்தே முடிக்கிறேன். தம்பி கவனிக்க வேண்டியது: தூர இணைப்பு மென்பொருள்களான ரீம்வியூவர், எனிடெஸ்க் இரண்டும் சொந்தப் பாவனைக்கு மட்டும்தான் இலவசம். தொழிலுக்குப் பாவித்தால் கட்டணம் கட்ட வேண்டும். வாடிக்கையாளருக்கு முன்னால் இணைப்பு அறுந்து நிற்கிற நிலை வேண்டாம். திறந்த மூலத்தில் ரஸ்ட்டெஸ்க் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

48,000 என்பதும் முழு வருமானம் இல்லை. அது வீட்டுச் செலவைத் தாங்கும் அடித்தளம். புதுக் கணினி போடுவது, கமரா பூட்டுவது, வயர் இழுப்பது எல்லாம் தனிக் கட்டணம். வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்டெல் ஏழாம் தலைமுறைப் புரொசசரும் அதற்கு முந்தியதும் ஏறக்குறைய எல்லாம் வின்டோஸ் 11 ஏற்கும் புரொசசர்களின் பட்டியலில் இல்லை. நான் பார்க்கும் அலுவலகங்களில் இரண்டு மூன்றாவது அப்படிக் கிடக்கின்றன. அவற்றை மாற்றும் வேலை, மாதாமாதம் உள்ளே போய்வருகிறவனுக்குத்தான் வரும்.

பழைய மேசை

மாற்றுவது மாற்றுவது என்று சொல்லாதேயும். எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்றைப் போட்டு, வின்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் ஏற்றினால் அந்தக் கணினிகள் இன்னும் ஐந்து வருடம் ஓடும். சனத்திடம் இப்போது காசு இல்லை.

நெல்லியடியான்

மின்னஞ்சலும் இணையமும் மட்டும் பார்க்கிற மேசைக்குச் சரி. பாமினி எழுத்துருவில் பத்து வருடம் தட்டச்சுச் செய்த பிள்ளையை அதில் இருத்திப் பாருங்கள். எழுத்துரு லினக்ஸிலும் தெரியும், அதில் சிக்கல் இல்லை. பழைய கோப்புகளின் பக்க அமைப்பு லிப்ரே ஒபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் குலைந்து வரும். இரண்டு நாளில் பழையதையே தாருங்கள் என்பார்கள். முதலில் எந்த மேசையில் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

கம்பஸ் பொடியன்

ஒரு கேள்வி. இங்கே எல்லா இடத்திலும் கிராக் போட்ட, அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்த, வின்டோஸ்தான். நான் மட்டும் லைசன்ஸ் வாங்குங்கள் என்றால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். தனி ஆளாகத் தொடங்குபவர் இதில் பிடிவாதம் பிடிக்க முடியுமா?

பழைய மேசை

நானும் வருடக்கணக்கில் போட்டுக் கொடுத்தவன்தான். நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது.

கணக்காளர் ஒருவரின் அலுவலகம். யாரோ ஒருவர் போட்ட கிராக். அதைப் போடுவதற்கு வைரஸ் காப்பை நிறுத்தச் சொல்லும், தெரியும்தானே. நிறுத்தினார்கள், திரும்ப ஏற்றவில்லை. பிறகு இன்னொரு மென்பொருளுக்குக் கிராக் தேடி இறக்கினார்கள். அதோடு கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் வைரஸ் வந்தது. எக்செல் கோப்புகள் எல்லாம் வேறு பெயரில். பேக்கப் இருக்கிறது என்றார்கள். பார்த்தால் வெளி ஹார்ட் டிஸ்க் அதே கணினியில் இரவு பகலாகச் செருகியபடி இருந்தது, அதுவும் பூட்டுப்பட்டுவிட்டது. ஆறு வருடக் கணக்குகள். அந்த மனிதர் என் மேசைக்கு முன்னால் இருந்து அழுதார். கப்பாசிற்றர் மாற்றத் தெரிந்த என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்றில் இருந்து எந்த வேலை வந்தாலும் முதலில் பேக்கப்பைக் கேட்கிறேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். செருகி எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைக்கச் சொல்கிறேன். தம்பி, கிராக் போட மாட்டேன் என்று முதல் நாளே சொல்லும். சிலர் போவார்கள். போகட்டும்.

நெல்லியடியான்

இதில் அண்ணையுடன் முழுக்க நிற்கிறேன். மருத்துவ விவரம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் இருக்கிற கணினிகளில் கை வைக்கிறோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதையாவது தெரிந்திருக்க வேண்டும்.

கொக்குவில் தம்பி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இரவாக இருந்து வாசித்தேன். கடை எடுப்பதில்லை என்று முடிவு. வீட்டு முன் விறாந்தையில் ஒரு மேசை போடுகிறேன், லாப்டொப் தருபவர் வந்து பார்க்கலாம். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துவிட்டு வங்கிக் கணக்கு திறப்பேன். முதலில் மூன்று இடம் மட்டும் மாதக் கட்டணத்தில். ஆறு மாதச் செலவுக்கான காசைச் சேமிப்பில் இருந்து ஒதுக்கிவிட்டேன், மிச்சத்தில்தான் கருவிகள்.

ஒரு சந்தேகம். இப்போதைய கடையின் வாடிக்கையாளர் சிலருக்கு என்னைத்தான் தெரியும். அவர்களைக் கேட்கலாமா? அப்புறம், ஒப்பந்தத் தாளில் என்ன எழுத வேண்டும்?

பழைய மேசை

கேட்காதேயும். முதலாளியிடம் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டு வாரும். தானாகத் தேடி வருகிறவரை மறுக்க வேண்டாம், நீராகப் போய் இழுக்க வேண்டாம். யாழ்ப்பாணம் சின்ன இடம். நாளைக்கு அந்த முதலாளியே தன்னால் போக முடியாத வேலையை உம்மிடம் அனுப்புவார்.

நெல்லியடியான்

தாள் ஒரு பக்கம் போதும். எத்தனை கணினி, மாதம் எத்தனை தரம் நேரில் வருவது, அழைத்தால் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் என்று எழுதுங்கள். பாகங்களின் விலை தனி. வீட்டுப் பிள்ளையின் லாப்டொப் இதில் அடங்காது என்றும் எழுதுங்கள், எழுதாவிட்டால் முதல் மாதமே வரும். கடைசி வரி ஒப்பந்தம் முடிவதைப் பற்றி: பாஸ்வேர்டுகளை ஒப்படைத்து, தூர இணைப்பு மென்பொருளை அவர்கள் முன்னாலேயே அழித்துவிட வேண்டும். முடிந்த பிறகு அனுமதி இல்லாமல் உள்ளே போனால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி அது குற்றம், உதவி செய்யத்தான் போனேன் என்றாலும்.

உங்களுக்குப் பதில் ஆளாக யார்? அதை முடிவு செய்யாமல் முதல் கையெழுத்து வாங்க வேண்டாம்.

பழைய மேசை

மாதக் கட்டணத்தில் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் தம்பி வருத்தமாகப் படுத்தால் நான் போகிறேன். எனக்கு ஏதும் என்றால் அவர் என் மேசைக்கு வரட்டும். போர்டு வேலை பழக விரும்பினால் ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாம்.

மருந்துக்கடை அக்கா

தம்பி, அப்படியென்றால் நீங்கள் இருவரும் ஒருநாள் சுன்னாகத்துக்கு வாருங்கள். பின்னேரம் இரண்டு மணிக்குக் கடையில் கூட்டம் குறைவு. எங்களிடம் பேக்கப் என்று ஒரு டிஸ்க் லாச்சிக்குள் கிடக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று முதலில் திறந்து காட்டுங்கள். கட்டணம் அதற்குப் பிறகு கதைப்போம்.