அம்மா போன்லதான் உண்மைய சொல்லுது

கேன்சருக்கு ஊசி போட்டுக்குறவங்களுக்கு ஆஸ்பத்திரிலேந்து போன்ல வர்ற கேள்விங்கள பத்தி மேல ரெண்டு பேர் எழுதுனத பாத்துட்டு நானும் எழுதுறேன். நாங்க காசிமேடு. அம்மாவுக்கு மார்புல கேன்சர், ஆபரேஷன் முடிஞ்சு வாராவாரம் பேக்லிடாக்சல்னு ஒரு கீமோ ஊசி போட்டுக்கினு இருக்கோம், மொத்தம் 12. ஆஸ்பத்திரி பேர் வேணாம். அங்கேந்து வாரம் ஒருவாட்டி போனுக்கு லிங்க் வரும், தொறந்தா போன 7 நாள்ல வாந்தி எப்படி, அசதி எப்படி, கை கால் மரத்துப்போச்சா, வேலை செய்ய அது எவ்ளோ இடைஞ்சல்னு கேட்டுக்கினே போவும். இல்ல, லேசா, ஓரளவு, அதிகமா, ரொம்ப அதிகமா, இதுல ஒன்ன தொடணும், அவ்ளோதான்.

மொத ஆறு வாரம் நான்தான் தொட்டேன், ஷேர் ஆட்டோல உக்காந்துக்கினே. சாப்புடுது, நடக்குது, அப்பால இன்னா, எல்லாத்துக்கும் "லேசா".

ஏழாவது வாரம் ஞாயித்துக்கெழம அம்மா சங்கரா கழுவிக்கினு இருந்துச்சு. சொன்னா கேக்காது, 30 வருஷம் மீன் வித்த கை. சட்டில தண்ணி ரொம்ப செவப்பா இருக்கேன்னு பாத்தா மீன் ரத்தம் இல்ல, அருவாமனை கட்டவெரல நல்லா கிழிச்சிருக்கு, அதுக்கு தெரியவேயில்ல, பாட்டுக்கு அடுத்த மீன எடுக்குது. ஏம்மா டாக்டராண்ட சொல்லலன்னு கத்துனேன். "இன்னாத்துக்குடா சொல்றது, ஊசிய நிறுத்திட்டார்னா?" அதான் விஷயம். வாசல்ல அம்பது பேர் நிக்கிறப்ப டாக்டர் எப்படிம்மா இருக்கீங்கன்னு கேட்டா நல்லாக்கீறேன் சாமின்னு சொல்லிட்டு எழுந்து வந்துடும்.

அந்த வாரம் போன அது கைல குடுத்துட்டேன். அஞ்சாவது படிச்சது, எழுத்துக்கூட்டி படிக்கும், அர மணி நேரம் ஆச்சு. மரத்துப்போறதுக்கு "அதிகமா", வேலைக்கு இடைஞ்சல் "ரொம்ப அதிகமா". மறுநாள் காலைலயே நர்ஸம்மா கூப்ட்டாங்க. அவங்க கேக்க கேக்கத்தான் வெளிய வருது, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாம மூணு வாரமா என் வீட்டுக்காரிதான் மாட்டி விட்டுக்கினு இருந்துச்சாம். எனக்கு எப்படி தெரியும், மகன்கிட்ட சொல்லுற விஷயமா அது? டாக்டர் டோஸ கொறச்சார், நிறுத்தல.

இது சும்மா பேருக்கு பண்றாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். தேடி படிச்சா, நியூயார்க்ல கீமோ எடுத்த, உடம்புல பரவிட்ட கேன்சர்காரங்க 766 பேர வெச்சு பாத்திருக்காங்க. 12 தொந்தரவ அவங்களே கம்ப்யூட்டர்ல போட்டுக்கினே வரணும், மோசமானா நர்ஸுக்கு மெயில் போவும். 2017ல ரிசல்ட் சொன்னாங்க, அப்படி போட்டவங்கள்ல பாதி பேர் 31.2 மாசத்துக்கு மேல உசுரோட இருந்தாங்க, வழக்கம்போல வைத்தியம் பாத்தவங்கள்ல அது 26 மாசம். போன் இன்னா வைத்தியமா பண்ணுது, அந்தாண்ட ஒருத்தர் பாத்து ஒடனே கூப்டணும், அதுலதான் கீது எல்லாம்.

கடைசில ஒரு கேள்வி, மொத்தத்துல உங்க வாழ்க்கை எப்படின்னு 1லேந்து 7 வரைக்கும். போன வாரம் 5 போட்டுச்சு. ஏம்மா 5ன்னா, வஞ்சிரம் வாங்கியாந்து ரெண்டு மாசம் ஆச்சாம்.

பதில் (திருவொற்றியூர்):
அண்ணா, எங்க அப்பாவுக்கு சனிக்கெழம நைட்டு 101 காய்ச்சல். அந்த லிங்க்லயே போட்டுட்டு, பாத்துருப்பாங்கன்னு படுத்துட்டோம். திங்கக்கெழம வரைக்கும் யாரும் பாக்கல, அதுக்குள்ள ஐசியூ. வெள்ளை அணு ரொம்ப கொறஞ்சிருந்துச்சு. அவசரத்துக்கு இது இல்லன்னு கீழ பொடி எழுத்துல போட்டிருக்காங்க, யார் படிச்சா. இப்ப நல்லாருக்கார்.

நான்:
ஐயோ. எங்களுக்கு நர்ஸம்மா மொத நாளே சொல்லிட்டாங்க, கீமோ ஓடுறப்ப 100.4 தாண்டிட்டா லிங்க் கிங்க் எதுவும் வேணாம், நைட்டு ரெண்டு மணியா இருந்தாலும் போன் பண்ணு, இல்ல நேரா வந்துடுன்னு. நம்பர ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருக்கோம், தெர்மாமீட்டர் அம்மா தலைகாணிக்கு கீழயே கெடக்கு.