புதிய கன்சோலின் வெற்றியை வெளியீட்டுக்கு முன்பே கணிக்க எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். அடுத்த தலைமுறை வீடியோ கேம் கன்சோல் ஒன்று விற்பனைக்கு வருமுன்பே அதன் வெற்றி தோல்வியை ஓரளவு நியாயமாகக் கணிக்க முடியுமா என்று சில வாரங்களாக முயன்று வருகிறேன். வெளியீட்டு விலை, முதல் சில நாள்களின் விற்பனை, ஆயுட்கால விற்பனை என்று மூன்று பத்திகளை வைத்து ஓர் அட்டவணை தயாரித்தேன். முதல் இரண்டு பத்திகளைப் பார்த்தால் மூன்றாவது தானே விளங்கிவிடும் என்பது என் நம்பிக்கை. அது பொய்த்துவிட்டது.

சேகாவின் டிரீம்காஸ்ட் 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்தது. முதல் 24 மணி நேரத்தில் 2,25,000க்கும் மேல் விற்றது. விலையும் குறைவு, வரவேற்பும் பெரிது. ஆனால் 2001 மார்ச்சோடு உற்பத்தி நின்றுபோனது, உலக அளவில் மொத்த விற்பனை ஒரு கோடியைத் தொடவில்லை. 2006இல் 499, 599 டாலர் என்று இரு வடிவங்களில் வந்து, விலைக்காகவே கேலி செய்யப்பட்ட சோனியின் பிளேஸ்டேஷன் 3 கடைசியில் 8.7 கோடியைத் தாண்டியது. 2013 நவம்பரில் ஒரு வார இடைவெளியில் வந்த பிளேஸ்டேஷன் 4, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுமே முதல் 24 மணி நேரத்தில் பத்து லட்சம் விற்றதாக அறிவிக்கப்பட்டது. முன்னது 11.7 கோடிக்கு மேல் போனது. பின்னதற்கு என் அட்டவணையில் உறுதியான எண் எதையும் இட முடியவில்லை, ஏனெனில் மைக்ரோசாஃப்ட் 2015 முதல் விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது.

முன்பதிவுகளின் எண்ணிக்கை, நிறுவனத்தின் பங்கு விலை, இணையத்தில் எழும் ஆரவாரம் ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்? நான் பார்க்கத் தவறிய வேறு அறிகுறி ஏதேனும் உண்டா?

மறுமொழி 1

உங்கள் இரண்டாவது பத்தி தேவையை அளக்கவில்லை, தொழிற்சாலையை அளக்கிறது. புதிய கன்சோல் ஒன்று வெளியாகும் வாரத்தில் வாங்கக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் கையிருப்பைவிட அதிகமாகவே இருப்பார்கள். ஆகவே எத்தனை பெட்டிகள் கடைகளுக்கு வந்து சேர்ந்தனவோ, ஏறத்தாழ அத்தனைதான் விற்கும். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டியதற்கு மக்கள் இரண்டையும் சமமாக விரும்பினார்கள் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஆர்வலர் கூட்டம் எந்தக் கன்சோலுக்கும் முதல் நாளே வந்து நிற்கும். அவர்களுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

பிளேஸ்டேஷன் 5 இதற்கு மறுமுனை உதாரணம். 2020 நவம்பரில் வெளியான பிறகு சில்லுப் பற்றாக்குறையால் ஏறக்குறைய இரண்டாண்டுகள் அது எளிதில் கிடைக்கவில்லை. பற்றாக்குறை தீர்ந்துவிட்டது என்று சோனி 2023 ஜனவரியில்தான் அறிவித்தது. அதற்கு இடைப்பட்ட காலாண்டு எண்கள் எதுவும் தேவையின் முழு அளவைக் காட்டா. ஆகவே நீங்கள் கணிக்க வேண்டியது முதல் வாரத்தை அன்று. கடைக்குப் போனால் பெட்டி தாராளமாகக் கிடைக்கிறது என்ற நிலை வந்த பிறகு, பண்டிகையும் தள்ளுபடியும் இல்லாத ஒரு சாதாரண மாதத்தில் எத்தனை விற்கும் என்பதைத்தான். எண்களை எடுக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: நிறுவனங்கள் வெளியிடுவது பல நேரங்களில் கடைகளுக்கு அனுப்பிய எண்ணிக்கை, வாங்குபவர் கைக்குப் போன எண்ணிக்கை வேறு.

முன்பதிவைப் பற்றிக் கேட்டீர்கள். எந்தத் தடையும் இல்லாத முன்பதிவுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்க மாட்டேன். பதுக்கி விற்பவர்களும் அதில் கலந்திருப்பார்கள். தடை வைத்த முன்பதிவு வேறு ரகம். தன் ஸ்விட்ச் 2 கன்சோலுக்காக நின்டெண்டோ நிறுவனம் 2025இல் ஜப்பானில் தன் இணையக் கடையில் நடத்திய குலுக்கலில் கலந்துகொள்ள, பழைய ஸ்விட்சில் 50 மணி நேரத்துக்குக் குறையாமல் விளையாடியிருக்க வேண்டும், இணையச் சந்தாவும் மொத்தத்தில் ஓராண்டு கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அப்படியும் ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பெட்டி கிடைக்காமல் போனவர்களும் எண்ணப்பட்ட கணக்கு என்பதால், கையிருப்பின் வரம்பு அதைத் தீண்டவில்லை. ஜூன் 5 அன்று வெளியாகி நான்கே நாளில் உலகெங்கும் 35 லட்சம் விற்றபோது, அந்தக் குலுக்கலைக் கவனித்தவர்களுக்கு அது பெரிய வியப்பாக இருந்திராது.

மறுமொழி 2

நான் சில ஆண்டுகள் மின்னணுப் பொருள் கடை ஒன்றின் விற்பனைப் பிரிவில் நின்றவன். கன்சோல் வெளியாகும் நாளில் நான் பெட்டியைப் பார்க்க மாட்டேன், பையைத்தான் பார்ப்பேன். ஒருவர் கன்சோலோடு இரண்டு கேம்களும் கூடுதல் கட்டுப்படுத்தி ஒன்றும் வாங்கிக்கொண்டு, அடுத்த கேம் எப்போது வரும் என்று விசாரித்துவிட்டுப் போவார். இன்னொருவர் வெறும் பெட்டியை மட்டும் வாங்கி, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்து, ரசீதைப் பத்திரமாக மடித்துக்கொள்வார். உங்கள் அட்டவணையில் இருவரும் ஒன்றுதான். இரண்டாமவர் மறுநாளே அதை யாருக்கோ கூடுதல் விலைக்குத் தள்ளிவிடப் போகிறவர் என்பது எங்களுக்குத் தெரியும்.

2017 மார்ச்சில் அமெரிக்காவில் ஸ்விட்ச் ஏறத்தாழ 9,06,000 விற்றது. அதே மாதம் அதற்கான புதிய செல்டா கேம் 9,25,000 பிரதிகள் விற்றது. கன்சோலைவிட கேம் அதிகம்! பெட்டி கிடைக்காதவர்கள் கேமை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சிலர் சேகரிப்புக்காக ஒரு பிரதியும் விளையாட ஒரு பிரதியும் வாங்கினார்கள். எனக்கு இதைவிட உறுதியான அறிகுறி வேண்டியதில்லை.

பெயரையும் சற்று யோசியுங்கள். 2012இல் வந்த நின்டெண்டோவின் வீ யூ முந்தைய வீ கன்சோலின் பெயரையே ஓர் எழுத்தோடு சுமந்துகொண்டிருந்தது; 2011இல் அதை அறிமுகப்படுத்தியபோதும் திரையுள்ள கட்டுப்படுத்தியைத்தான் முன்னிறுத்தினார்கள். வீட்டிலிருக்கும் பழைய வீக்கு இது ஒரு துணைக்கருவி போலும் என்று பலர் எண்ணிவிட்டார்கள். அமெரிக்காவில் முதல் வாரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது, உலகெங்கும் மொத்தம் 1.36 கோடியோடு நின்றது. கேம்களைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் பெட்டியைக் காட்டி இது என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஒரே வாக்கியத்தில் சரியான பதில் வராவிட்டால், ஆர்வலர் கூட்டம் வாங்கி முடித்த அன்றே விற்பனை படுத்துவிடும்.

மறுமொழி 3

மேலே சொன்னவற்றில் பலவற்றை ஏற்கிறேன். ஆனால் கேட்டவர் வெளியீட்டுக்கு *முன்பே* கணிக்க வேண்டும் என்கிறார். பையில் என்ன இருந்தது என்பது வெளியீட்டுக்குப் பின் தெரியவரும் செய்தி. அது நோயறிதல், முன்கணிப்பு ஆகாது.

அட்டவணையைப் பற்றி ஒரு சொல். பெரிய நிறுவனங்கள் மூன்று. தலைமுறை ஒன்று ஐந்து முதல் ஏழு ஆண்டுகள். ஆக, ஒப்பிடத்தக்க கன்சோல்கள் இருபதைச் சுற்றித்தான் தேறும். இருபது வரிசைகளுக்கு ஆறு காரணிகளைப் பொருத்தினால் கடந்த காலம் அழகாகப் பொருந்தும், அடுத்த கன்சோலுக்கு உதவாது. பங்குச் சந்தையையும் நம்ப வேண்டாம்: ஸ்விட்சின் விலையும் வெளியீட்டு நாளும் அறிவிக்கப்பட்ட 2017 ஜனவரி 13 அன்று நின்டெண்டோவின் பங்கு 5 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. அந்தக் கன்சோல் பின்னர் 15 கோடியைத் தாண்டியது.

நான் பார்க்கும் அறிகுறி எவரும் அதிகம் பேசாத ஒன்று: முதல் ஆண்டு சறுக்கினால் தாங்கிக்கொண்டு திருத்திக்கொள்ள நிறுவனத்திடம் பணமும் பொறுமையும் இருக்கிறதா என்பது. 2011இல் 249.99 டாலருக்கு வந்த கையடக்கக் கன்சோலான 3டிஎஸ் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஆறு மாதம் நிறைவதற்குள் நின்டெண்டோ அதை 169.99 டாலருக்குக் குறைத்தது. வெளியீடு தோற்றது, கன்சோல் 7.5 கோடிக்கு மேல் விற்று வென்றது. எக்ஸ்பாக்ஸ் 360இன் பழுதுகளுக்காக உத்தரவாதத்தை நீட்டித்த மைக்ரோசாஃப்ட் 2007இல் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது, கன்சோல் பிழைத்தது. டிரீம்காஸ்ட் காலத்துச் சேகாவோ ஏற்கெனவே தொடர் நட்டத்தில் இருந்தது; போதாதற்கு, டிரீம்காஸ்ட் அமெரிக்காவுக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே சோனி பிளேஸ்டேஷன் 2ஐ அறிவித்துவிட்டதால் வாங்க நினைத்தவர்களில் பலர் காத்திருக்கத் தொடங்கினார்கள். வராத கன்சோலோடு போட்டியிடுவது கொடுமை.

இன்னொரு கவலை, பழைய கன்சோல்களிலிருந்து எடுத்த பாடமே இனிச் செல்லுமா என்பது. வெளியீட்டில் விலை அதிகம், நாளாக நாளாகக் குறையும், அப்போது இரண்டாம் அலை வாங்கும்: பிளேஸ்டேஷன் 3 அப்படித்தான் மீண்டது. ஆனால் 2020இல் அமெரிக்காவில் 499 டாலராக இருந்த பிளேஸ்டேஷன் 5இன் விலை 2025 ஆகஸ்டில் 549.99 டாலராக *உயர்ந்தது*. ஐந்தாம் ஆண்டில் விலை ஏறும் பொருளுக்கு இரண்டாம் அலை எங்கிருந்து வரும்? வருமென்றால், அந்தக் கன்சோலில் மட்டுமே விளையாடக் கூடிய கேம்களால்தான் வர வேண்டும். ஆகவே, அறிவிக்கப்பட்டுள்ள கேம்களில் எத்தனை பழைய கன்சோலிலும் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். எல்லாம் பழையதிலும் ஓடுமென்றால் அவசரப்பட்டு வாங்க எவருக்கும் காரணமில்லை.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. முதல் வார விற்பனைப் பத்தியை நீக்கிவிட்டேன். மனம் வரவில்லைதான், அதற்காக இரண்டு இரவுகள் தேடியிருந்தேன். ஒற்றை எண்ணைக் கணிப்பதற்குப் பதிலாக, பன்னிரண்டு மாதங்களுக்குள் விலை குறைக்கப்படுமா, அந்தக் கன்சோலில் மட்டும் வரும் பெரிய கேம் ஒன்றாவது முதல் ஆறு மாதத்துக்குள் வெளியாகுமா என்ற இரு கேள்விகளுக்கு நிகழ்தகவு எழுதி வைக்கலாமென்று எண்ணுகிறேன். இதில் முதல் கேள்வி இன்றைய நிலையில் பொருளுள்ளதா?

மறுமொழி 1

விலை குறையுமா என்று மட்டும் கேட்காமல், குறையும், மாறாது, ஏறும் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். கேமுக்கான கேள்வியில் "பெரிய" என்பதை இப்போதே வரையறுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வந்த எந்தக் கேமையும் பெரியது என்று நீங்களே சொல்லிக்கொள்வீர்கள். எழுதிய தேதியையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.